மேச்சேரியில் பிறந்த கடற்படை மாருத்

நீளம் 22 சென்டிமீட்டர். இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறுநுனிக்குப் பன்னிரண்டரை. மேலே கருஞ்சாம்பல், அடிவயிற்றில் பச்சை கலந்த வெளிர்நிறம். வாலுக்கடியில் ஒரு கொக்கி. மூக்கோரத்தில் பாய்கிற வெள்ளைப் புலி. பெயர்ப்பலகை வைப்பதென்றால் ‘ஹெச்எஃப்-24 மாருத், கடற்படை வடிவம், ஐஎன்எஸ் விக்ராந்த், 1974’ என்று எழுத வேண்டும். ஆனால் அப்படியொரு விமானம் 1974இல் இல்லை. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மாருத் என்ற போர் விமானம் இருந்தது. விக்ராந்த் என்ற விமானந்தாங்கிக் கப்பல் இருந்தது. அதன்மேல் இது இறங்கியதே இல்லை.

கடலைப் பார்க்க ராத்திரி பஸ் ஏற வேண்டிய ஊரில் பிறந்தது இது. மேச்சேரி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது செம்பழுப்பு மேச்சேரி ஆடும் பத்ரகாளியம்மன் கோயிலும்தான். பெரிய தண்ணீர் என்று நாங்கள் கண்டது மேட்டூர் அணையை. ஆனாலும் விமானத்துக்கு வேண்டிய சரக்கு இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. ஏற்காட்டு மலையில் வெட்டிய பாக்சைட் 1965 முதல் மேட்டூர் மால்கோ ஆலையில் அலுமினியமாக வந்தது. 1967இல் அதே மேட்டூரில் பிவிசி ஆலை தொடங்கியது. நான் எடுத்துக்கொண்டது குமிழ் மரக்கட்டையும் பிளாஸ்டிக் தகடும் பழைய பால்பாயிண்ட் பேனாக் குழாய்களும். அதனால் உள்ளூர் ஆலைகளுக்கு இதில் பெருமை சேராது.

நடக்காத வரலாற்றுக்கு மாதிரி விமானம் செய்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். தங்களுக்குள் அதை ‘வாட் இஃப்’ என்பார்கள், சுருக்கி ‘விஃப்’. இன்ன விமானத்தை இன்ன நாடு வாங்கியிருந்தால், இன்ன போர் இன்னும் இரண்டு வருஷம் நீண்டிருந்தால், இன்ன என்ஜினுக்குப் பணம் கிடைத்திருந்தால் என்று ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, பதிலைப் பிளாஸ்டிக்கில் சொல்வார்கள். பைத்தியக்கார வேலை என்று சொல்கிறவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. இதற்கும் ஒரு குலமுறை இருக்கிறது, அதைச் சொன்னால் போதும்.

1932இல் இங்கிலாந்தில் ‘ஸ்கைபேர்ட்ஸ்’ என்று மரத்தாலான மாதிரி விமானப் பெட்டிகள் விற்பனைக்கு வந்தன. வடிவமைத்தவர் ஜேம்ஸ் ஹே ஸ்டீவன்ஸ். எழுபத்திரண்டில் ஒரு பங்கு என்ற அளவு அவரால்தான் நிலைபெற்றது. எண் விசித்திரமாகத் தெரியலாம், கணக்கு எளிது: ஆறடி மனிதன் ஒரு அங்குலம் ஆகிறான். இன்றும் அடி, அங்குலத்தில் பேசுகிற எந்த ஆசாரியிடம் சொன்னாலும் உடனே பிடித்துக்கொள்வார். 1936இல் ஃப்ராக் நிறுவனம் அதே அளவில் பிளாஸ்டிக் பெட்டிகளைக் கொண்டுவந்தது. அந்த நிறுவனத்தின் பறக்கும் பொம்மைகளுக்கு ஃப்ராக் என்று பெயர். இந்த வரிசை பறக்காது, அதனால் பெங்குவின் என்று வைத்தார்கள்.

பிறகு போர் வந்தது, பொம்மை ராணுவத்தில் சேர்ந்தது. தலைக்குமேல் போவது நம்முடையதா எதிரியுடையதா என்று சில நொடிகளில் சொல்லத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் சொந்த விமானத்தையே சுட்டுவிடுவார்கள், சுட்டும் இருக்கிறார்கள். 1942இல் அமெரிக்கக் கடற்படை தன் நாட்டுப் பள்ளி மாணவர்களிடம் ஐந்து லட்சம் மர விமானங்கள் செய்து தரச் சொன்னது. அளவு அதே எழுபத்திரண்டில் ஒன்று. முப்பத்தைந்து அடி தள்ளி நின்று அந்தக் கட்டையைப் பார்த்தால், அரை மைல் தொலைவில் பறக்கும் நிஜ விமானம் எப்படித் தெரியுமோ அப்படித் தெரியும். கறுப்பு வண்ணம் பூசிய அந்தக் கட்டைகளில் கண்ணாடி மூடி கிடையாது, விமானி கிடையாது. வெளிக்கோடு சரியாக இருந்தால் போதும். வெளிக்கோடு பிசகினால் உயிர் போகும்.

உண்மையை அப்படியே படியெடுப்பதற்காகப் பிறந்த கலை இல்லாத விமானத்தின் பக்கம் எப்போது திரும்பியது? நாளைக் குறித்துச் சொல்வது கஷ்டம். ஆனால் ஊரறிய நடந்தது 1986இல். அமெரிக்கப் போர் விமானங்களின் எண் வரிசையில் எஃப்-18க்கு அடுத்தது எஃப்-20. நடுவில் 19ஐக் காணோம். ரேடாரில் தெரியாத ரகசிய விமானம் ஒன்று பறக்கிறது என்ற பேச்சு வேறு. டெஸ்டர்ஸ் நிறுவனத்தில் வடிவமைப்பாளராக இருந்த ஜான் ஆண்ட்ரூஸ், இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, அந்த விமானம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஊகித்து ‘எஃப்-19 ஸ்டெல்த் ஃபைட்டர்’ என்று ஒரு பெட்டியைக் கடைகளில் இறக்கினார். விற்றுத் தள்ளியது. எம்பிக்களுக்கே காட்டாத விமானம் பொம்மைக் கடையில் எப்படிக் கிடைக்கிறது என்று வாஷிங்டனில் கேட்டார்கள். 1988 நவம்பரில் நிஜ விமானம் வெளியே வந்தது. பெயர் எஃப்-117. ஆண்ட்ரூஸின் விமானம் வழுவழுவென்று வளைந்திருந்தது. நிஜமோ பட்டை தீட்டியதுபோல் தட்டைத் தட்டையான முகங்களோடு நின்றது. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

தோற்றது பொம்மை என்று சிரித்துவிட்டுப் போகலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரேடார் அலையைக் கூர்முனைகள் திருப்பி அனுப்பும், வளைவுகள் சிதறடிக்கும் என்று ஆண்ட்ரூஸ் யோசித்தது நியாயமான யோசனை. அந்தக் காலத்துக் கணினியால் வளைவுகளைக் கணக்கிட முடியவில்லை, தட்டை முகங்களை மட்டுமே கணக்கிட முடிந்தது என்பதால் லாக்ஹீட் பொறியாளர்கள் தட்டையாகச் செய்தார்கள். அதன்பின் வந்த பி-2 குண்டுவீச்சு விமானம் முழுக்க வளைவுதான். ஆண்ட்ரூஸ் காரண காரியத்தோடு கற்பனை செய்தார். அவரை நான் என் முன்னோர் வரிசையில் வைப்பது அதற்காக.

விஃப் செய்வதில் நான் பிடித்துக்கொண்டிருக்கிற விதி இதிலிருந்து வருகிறது. வரலாற்றில் ஒரே ஒரு முடிவை மாற்றலாம். மற்றதெல்லாம் அந்த ஒரு மாற்றத்திலிருந்து தானாக வர வேண்டும். ராமராஜ்யத்துச் சின்னம் போட்ட பன்னிரண்டு ஏவுகணை விமானம் செய்கிறவர்கள் உண்டு. செய்யட்டும், கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதோடு விவாதிக்க முடியாது.

விமானந்தாங்கிக் கப்பலின் ஜெட்டுகளில் மனம் போய் நிற்பதும் இதனால்தான். தரையில் ஓடுபாதை போதவில்லையென்றால் இன்னும் அரை மைல் தார் போடலாம். கப்பல் நீளாது. விக்ராந்தின் நீளம் 213 மீட்டர். அதிலும் ஏறுவதற்கு ஒரு பகுதி, இறங்குவதற்கு ஒரு பகுதி. நீராவிக் கவண் ஒன்றுதான். இவ்வளவு எடைக்கு மேல் தள்ளாது, இந்த வேகத்துக்கு மேல் வந்தால் தடுப்பு வடம் பிடிக்காது, இவ்வளவு அகலத்துக்கு மேல் கீழ்த்தளத்தில் இடமில்லை. கற்பனையைக் கட்டுக்குள் வைக்க இதைவிடக் கறாரான நடுவர் கிடைக்க மாட்டார். கப்பலையும் அதே அளவில் செய்யலாமே என்று கேட்பவர்களுக்கு: மூன்று மீட்டருக்கு நாலு சென்டிமீட்டர்தான் குறைவு. எங்கள் வீட்டு ரேழியில் வைத்தால் யாரும் சமையலறைக்குப் போக முடியாது.

இந்தியக் கடற்படையின் ஜெட் கதையில் நடக்காத வரலாறு ஏற்கெனவே பாதி கலந்திருக்கிறது. விக்ராந்தே அப்படித்தான். 1943இல் இங்கிலாந்தின் டைன் நதிக்கரையில் ஹெர்குலிஸ் என்ற பெயரில் தொடங்கிய கப்பல். 1945 செப்டம்பரில் நீரில் இறங்கியபோது போர் முடிந்திருந்தது. வேண்டாம் என்று பாதியில் விட்டுவிட்டார்கள். 1957இல் இந்தியா வாங்கி, பெல்ஃபாஸ்டில் சாய்ந்த தளமும் நீராவிக் கவணும் சேர்த்துக் கட்டி முடித்தது. 1961 மார்ச் 4 அன்று கொடியேறியது. போர் ஆறு மாதம் நீண்டிருந்தால் அது பிரிட்டிஷ் கப்பலாகவே கிழடு தட்டியிருக்கும்.

அதில் ஏறிய சீ ஹாக் விமானத்தின் கதையும் அதே. ஹாக்கர் நிறுவனம் அதை பிரிட்டிஷ் விமானப்படைக்கு என்றுதான் யோசித்தது. விமானப்படை வேண்டாம் என்றது, கடற்படை எடுத்துக்கொண்டது. முன்மாதிரி முதலில் பறந்தது 1947 செப்டம்பர் 2. (கொச்சியில் கட்டிய புதிய விக்ராந்த் கடற்படையில் சேர்ந்ததும் ஒரு செப்டம்பர் 2, 2022இல். யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள்.) வெள்ளைப் புலிகள் என்று பெயர் பெற்ற ஐஎன்ஏஎஸ் 300 அணி 1960இல் வேல்ஸின் பிராடி தளத்தில் சீ ஹாக்குகளோடு உருவானது. 1961 மே 18 அன்று விக்ராந்தில் முதல் ஜெட்டை இறக்கியவர் லெப்டினன்ட் ஆர். ஹெச். தஹிலியானி, பின்னாளில் கடற்படைத் தளபதி ஆனார். 1971 டிசம்பர் 4 அன்று இதே சீ ஹாக்குகள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின.

எங்கள் பக்கத்துக்காரர்கள் பலருக்கே தெரியாத ஒன்று: இந்தியக் கடற்படை ஜெட்டுகளின் முதல் வீடு கொங்கு நாட்டில் இருந்தது. கோவைக்குப் பக்கத்துச் சூலூர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படை விமானங்களின் தளமாக இருந்த இடம். ஐஎன்எஸ் ஹன்சா 1961இல் அங்கேதான் தொடங்கப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் கோவா இந்தியாவோடு சேர்ந்ததால் டபோலிம் ஓடுதளம் கிடைத்தது; 1964இல் ஹன்சா கடற்கரைக்குக் குடிபெயர்ந்தது. கோவா இன்னும் பத்து வருஷம் போர்த்துகீசியரிடமே இருந்திருந்தால், நான் சிறுவயதில் அண்ணாந்து பார்த்த வானத்தில் வெள்ளைப் புலிகள் போயிருக்கலாம். மாதிரி செய்கிறவனுக்கு வேறென்ன வேண்டும்? சூலூர்ப் பொட்டலில் செம்மண் படிந்த சீ ஹாக் என்று ஒரு யோசனையும் உண்டு. அது பாதி நிஜம் என்பதால் ஒதுக்கி வைத்தேன்.

எளிய வழி ஒன்று முன்னாலேயே இருந்தது. விக்ராந்தின் உடன்பிறப்புகள் இரண்டு வேறு கொடிகளின் கீழ் ஓடின. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன், கனடாவின் போனவென்ச்சர். மெல்போர்னில் 1960களின் கடைசியிலிருந்து அமெரிக்க ஸ்கைஹாக் ஜெட்டுகள் பறந்தன. எனவே விக்ராந்திலும் ஸ்கைஹாக் பறந்திருக்க முடியும். கடையில் ஸ்கைஹாக் பெட்டி வாங்கி, மூவண்ண வட்டம் ஒட்டினால் ஒரு வாரத்தில் வேலை முடிந்தது. இந்த வட்டாரத்தில் நிறைய பேர் செய்திருக்கிறார்கள். அது ஆயத்த ஆடை வாங்கி பித்தான் மட்டும் மாற்றித் தைப்பது. மானம் மறையும், தையற்காரருக்கு வேலை இல்லை.

மாருத் அப்படியில்லை. நாமே கட்டிய விமானம். இரண்டாம் உலகப் போரில் ஃபோக்கவுல்ஃப் 190ஐ வடிவமைத்த கர்ட் டாங்க், அர்ஜென்டினாவுக்குப் போய், அங்கிருந்து 1956இல் தன் ஆட்களோடு பெங்களூருக்கு வந்தார். இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் சேர்ந்து வரைந்தது ஹெச்எஃப்-24. இந்த விமானத்தின்மேல் எனக்கு ஆசை வந்ததற்கு ஒரு காரணம், அதுவும் மரத்தில்தான் பிறந்தது. உலோகத்தில் செய்வதற்குமுன் 1959இல் முழு அளவில் மரத்தால் ஒரு கிளைடர் செய்து, டக்கோட்டா விமானத்தின் பின்னால் கட்டி இழுத்து மேலே விட்டு, பறக்கிற குணத்தைச் சோதித்தார்கள். 1961 ஜூன் 17 அன்று சுரஞ்சன் தாஸ் நிஜ மாருத்தைப் பறக்கவிட்டார். மொத்தம் 147 விமானங்கள் செய்யப்பட்டன. 1971 போரில் மேற்கு எல்லையில் நன்றாகவே சண்டையிட்டன.

குறை என்ஜினில். டாங்க் இந்த விமானத்தை பிரிஸ்டல் நிறுவனம் உருவாக்கிக்கொண்டிருந்த ஆர்ஃபியஸ் 12 என்ஜினை நம்பி வரைந்தார். பின்னெரிப்போடு ஒவ்வொன்றும் சுமார் 3,700 கிலோ தள்ளும். அதை மேற்கொண்டு உருவாக்கப் பணம் கேட்டார்கள்; தில்லி தயங்கியது; அந்த என்ஜின் நின்றுபோனது. கையில் இருந்தது ஆர்ஃபியஸ் 703, தள்ளுவிசை 2,200 கிலோ, பின்னெரிப்பு கிடையாது. ஒலியைவிட வேகமாகப் போகவென்று கூர்ந்து நீண்ட உடலில் அதை இரண்டாக வைத்துப் பறக்கவிட்டார்கள். மட்டப் பறப்பில் மாருத் கடைசிவரை ஒலியைத் தாண்டவில்லை. பின்னெரிப்பு சேர்த்துப் பார்த்த ஒரு சோதனை மாருத்தில்தான் 1970 ஜனவரியில் சுரஞ்சன் தாஸ் உயிரிழந்தார்.

இடையில் ஒரு கூத்தும் நடந்தது. எகிப்து தனக்கென்று இ-300 என்ற என்ஜினைச் செய்துகொண்டிருந்தது. அதைச் சோதிக்க விமானம் வேண்டும்; நமக்கு என்ஜின் வேண்டும். ஒரு மாருத் எகிப்துக்குப் போய், 1967இல் அந்த என்ஜினோடு பறந்தது. ஜெர்மானியர் வரைந்து பெங்களூரில் செய்த உடல், ஆஸ்திரியர் ஃபெர்டினாண்ட் பிராண்ட்னர் வரைந்து எகிப்தில் செய்த என்ஜின். இதை நான் விஃப் என்று செய்து வைத்திருந்தால், கொஞ்சம் அளவோடு கற்பனை பண்ணப்பா என்றிருப்பார்கள்.

ஆக, நான் மாற்றிய ஒரே முடிவு: ஆர்ஃபியஸ் 12க்குப் பணம் கொடுக்கப்பட்டது. அதன்பின் எல்லாம் கணக்கு. மெல்போர்னின் ஸ்கைஹாக் அதிகபட்சம் 11,100 கிலோவோடு ஏறும். மாருத்தின் அதிகபட்ச எடை 10,900 கிலோ. ஸ்கைஹாக்கின் இறக்கை 8.38 மீட்டர் அகலம், மடிக்காமலேயே கப்பலில் வைத்துக்கொண்டார்கள். மாருத்துக்கு 9 மீட்டர். முதல் பார்வையில் மாப்பிள்ளை பெண் பொருத்தம் பிரமாதம். ஆனால் வெறும் விமானத்தின் எடையைப் பார்த்தால் மாருத் ஆறு டன்னைத் தாண்டுகிறது, ஸ்கைஹாக் ஐந்து டன்னைக்கூடத் தொடுவதில்லை. கப்பலில் இறங்குவதற்குக் கால்களையும் முதுகெலும்பையும் பலப்படுத்தினால் இன்னும் ஏறும். மிச்சமிருக்கிற எடையில் எரிபொருளா, குண்டா? 703 என்ஜினோடு இரண்டும் அரைகுறை. நல்ல என்ஜின் கிடைத்திருந்தால்தான் கடற்படை திரும்பியே பார்த்திருக்கும். மாற்றிய முடிவு சரியான முடிவுதான் என்று அங்கே நிச்சயமானது.

அடுத்தது இறங்கும் வேகம். இறக்கை சுமார் 45 பாகை பின்சாய்ந்தது. மெதுவாகப் பறக்கச் சொன்னால் முரண்டு பிடிக்கும். பிரிட்டிஷ் புக்கனீர் விமானத்தில் என்ஜினிலிருந்து எடுத்த காற்றை இறக்கையின்மேல் பிளவுகள் வழியாக ஊதி, மெதுவேகத்திலும் தாங்குவிசை வரவழைத்தார்கள். அதையே எடுத்துக்கொண்டேன். எழுபத்திரண்டில் ஒரு பங்கில் அந்தப் பிளவு ஒரு தலைமுடி அகலம். பிளேடு நுனியால் கீறிவிட்டது. உற்றுப் பார்ப்பவருக்கு மட்டும் தெரியும்.

வயிற்றில் மாருத்துக்கு ராக்கெட் பெட்டி ஒன்று உண்டு, உள்ளிருந்து கீழே இறங்கிச் சுடும். அதை எடுத்துவிட்டேன். கொக்கி இழுக்கிற இழுப்பைத் தாங்கும் உத்தரம் அங்கேதான் ஓட வேண்டும். மேலே மிச்ச இடம் எரிபொருளுக்கு. கொக்கி, இரண்டு புகைவாய்களுக்கும் நடுவே. முன்கால் கூடுதல் உயரம். கவண் இழுக்கும்போது மூக்கு சற்றே தூக்கியிருந்தால் இறக்கை சீக்கிரம் பிடிக்கும். பிரிட்டிஷ் கடற்படை தன் ஃபாண்டம்களில் செய்த வித்தை இது. கால்களின் நிஜ அமைப்பைப் பார்க்க பெங்களூரில் ஹெச்ஏஎல் அருங்காட்சியகத்து மாருத்தின் அடியில் குனிந்து படம் எடுத்துக்கொண்டு வந்தேன். காவலாளி என்னைச் சந்தேகப்பட்டது அவருடைய கடமை.

உடலைக் குமிழ் மரத்தில் செதுக்கியது. மென்மை, நார் பிரியாது, பொம்மை செதுக்குகிறவர்களுக்குப் பழகிய மரம். மாருத்தின் இடுப்பு நடுவில் ஒடுங்கும். அந்த ஒடுக்கம் வராவிட்டால் மாருத் இல்லை, ஏதோ ஒரு ஜெட். உப்புத்தாளைப் பென்சிலில் சுற்றித் தேய்த்து, அட்டையில் வெட்டிய அச்சை வைத்துப் பார்த்து, மறுபடி தேய்த்து எடுத்த வளைவு அது. இறக்கையும் வாலும் பிளாஸ்டிக் தகடு. புகைவாய், ஆர்ஃபியஸ் 12க்குத் தக்கபடி கொஞ்சம் அகலம். அந்த அகலம்தான் என் வாதம் முழுவதும்.

வண்ணத்துக்கு வந்தபோது வேறொருவரின் கை தேவைப்பட்டது. நாமக்கல் பாடி கட்டும் பட்டறைகளில் தொழில் பழகி, இப்போது எங்கள் ஊர்ப்பக்கம் லாரிக்கு வண்ணம் அடிக்கிற அண்ணன் ஒருவர். பட்டி பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. இணைப்புகளில் பட்டி வைத்து, காயவிட்டு, தண்ணீர் தொட்டுத் தேய்த்து, விரல் நகத்தால் தடவிப் பார்த்தார். சீ ஹாக்கின் கடற்சாம்பலை அட்டை பார்த்துக் கலந்துகொடுத்தார். வெள்ளைப் புலியை அவரே போட்டார். லாரி முகப்பில் எத்தனையோ புலி போட்ட கை, சிறுவிரல் நகத்தளவில் போடச் சொன்னதும் தூரிகையின் முடிகளைக் கத்தரித்து இரண்டு மூன்றை மட்டும் விட்டுவைத்தார்.

கடைசியில் புகைவாயைச் சுற்றிக் கரிக்கறை வைக்க வேண்டும் என்றேன். நிமிர்ந்து பார்த்தார்.

“இது எந்தச் சண்டையில போனதுங்க?”

“எதுலயும் போகலைங்கண்ணா. இப்படி ஒண்ணு இருந்ததே இல்லை.”

“ஓடாத வண்டிக்கு எப்படிங்க சைலன்சர்ல கரி?”

ஓடியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதுதான் விஷயம் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் மறுக்கவில்லை. கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அப்படின்னா உப்புக் காத்துல நின்ன வண்டிங்க இது. கரி மட்டும் வச்சா பொய்யாப் போயிரும்” என்றார். அதிகம் கைபடும் இடங்களில், மூடிகளின் ஓரத்தில், படிக்கட்டு சாத்துமிடத்தில், பழைய வண்ணத்தின்மேல் புதிதாகத் தொட்டு அடித்ததுபோல் சிறுசிறு திட்டுகள் வைத்தார். கப்பலில் வாழ்கிற விமானங்களின் படங்களைப் பார்த்தால் இந்தத் திட்டுகள்தான் முதலில் கண்ணில் படும். உப்பரிப்பு தொடங்கிய இடத்தில் மாலுமிகள் உடனுக்குடன் வண்ணம் தொட்டுவிடுவார்கள். அவர் அந்தப் படங்களைப் பார்த்ததில்லை. லாரியைப் பார்த்திருக்கிறார், அது போதுமாயிருந்தது.

1974 என்று ஆண்டைக் குறித்ததற்கும் காரணம் உண்டு. நிஜத்தில் 1971 போர் முடிந்தபோதே சீ ஹாக்குகளுக்கு வயதாகிவிட்டது. சீ ஹாரியர்கள் வந்துசேர்ந்தது 1983 டிசம்பரில். நடுவில் ஒரு நீண்ட வெற்றிடம். அந்த இடத்தில்தான் என் மாருத் போய் உட்காருகிறது. யாருடைய நாற்காலியையும் பிடுங்கவில்லை.

பழைய விக்ராந்த் மும்பையில் சிலகாலம் அருங்காட்சியகமாக நின்று, 2014இல் உடைபட்டது. அதன் இரும்பில் ஒரு பகுதி பஜாஜ் வி மோட்டார் சைக்கிளில் போய்ச் சேர்ந்தது. சண்டைக்குப் போன கப்பல் பெட்ரோல் டாங்க் ஆகித் தெருவில் ஓடுகிறது. இந்த வரியையும் விஃப் என்று நினைப்பவர்கள் இருக்கலாம்.

தரையில் பிறந்த விமானத்தைக் கடலுக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு நிஜமான பதிலும் பிற்பாடு கிடைத்தது. தேஜஸின் கடற்படை வடிவம் 2012 ஏப்ரல் 27 அன்று முதலில் பறந்தது. கால்களைப் பலப்படுத்தி, கொக்கி வைத்து, எல்லாம் சரிதான், எடை ஏறிவிட்டது. 2016இல் கடற்படை, எங்களுக்கு இது பாரம் என்று சொல்லிவிட்டது. ஆனாலும் 2020 ஜனவரி 11 அன்று ஐஎன்எஸ் விக்ரமாதித்யாவில் அது இறங்கியது, வடத்தைப் பிடித்து நின்றது. அந்தப் பாடத்திலிருந்து இரட்டை என்ஜினோடு புதிதாக ஒன்றை வரைகிறார்கள். பெங்களூரு விமானக் கண்காட்சிக்கு அதுவும் முதலில் மாதிரியாகத்தான் வந்தது, இறக்கை மடித்துக் காட்டியபடி. ஒரு என்ஜின் போதாமல் இரண்டுக்குப் போகிறவர்களைப் பார்க்கும்போது, என் மாருத்தின் அகன்ற புகைவாய்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் வரத்தான் செய்கிறது.

இப்போது மேசையில் அடுத்த சண்டை. 2022 ஜனவரியில் பிரெஞ்சு ரஃபேல்-எம் கோவாவின் ஐஎன்எஸ் ஹன்சாவுக்கு வந்து, கப்பல் முனைபோல் மேலே வளைந்த சோதனைத் தளத்திலிருந்து எகிறிக் காட்டியது. சில மாதம் கழித்து அமெரிக்க சூப்பர் ஹார்னெட் வந்து அதையே செய்தது. எது தேர்வாகும் என்று தெரியாத அந்தக் காலத்தில் மாதிரி செய்கிறவர்கள் இரண்டுக்கும் இந்தியக் கடற்படை வண்ணம் பூசி வைத்தார்கள். இரண்டும் அப்போது விஃப்தான். 2025 ஏப்ரல் 28 அன்று 26 ரஃபேல்-எம் வாங்க இந்தியா கையெழுத்திட்டது. அன்று காலைவரை நடக்காத வரலாற்றில் இருந்த ரஃபேல் சாயங்காலத்துக்குள் சாதாரண மாதிரி விமானம் ஆகிவிட்டது. சூப்பர் ஹார்னெட் செய்தவர்கள் நிரந்தரமாக எங்கள் பக்கம் வந்துவிட்டார்கள். என்னிடம் பிரிக்காத ஹார்னெட் பெட்டி ஒன்று இருக்கிறது. புலி போட அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இந்தத் தடவை வாலில் பெரிதாகப் போடலாமே என்கிறார்.